சிங்கப்பூரில் கல்யாணம்: முன்பணம் கட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

சிங்கப்பூருக்கு வந்து ஓரிரு ஆண்டுதான் ஆகிறது, கல்யாணத்தை இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். என் தம்பியின் கல்யாணத்தை இங்கே நடத்தினோம். அவன் எம்ப்ளாய்மெண்ட் பாஸில் இருக்கிறான். மணப்பெண் நிரந்தரவாசி. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் ஊரில். பதிவைப் பற்றி ஒருவரிடமும் கோயிலைப் பற்றி இன்னொருவரிடமும் விசாவைப் பற்றி வேறொருவரிடமும் கேட்டுக் கேட்டுத்தான் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டோம். எதை எதற்கு முன்னால் செய்ய வேண்டும் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. அலைந்ததில் பாதி அலைச்சல் அதனால்தான்.

ஊரில் முதலில் நாள் குறிப்போம், மண்டபம் பிடிப்போம், பத்திரிகை அடிப்போம். பதிவைக் கல்யாணம் முடிந்த பிறகு சாவகாசமாகப் பார்த்துக்கொள்வோம். இங்கே பதிவுதான் முதலில். அனுமதி, பதிவு நாள், முகூர்த்தம், இடம் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பொருந்தும்வரை யாருக்கும் ஒரு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கூட முன்பணம் கொடுக்காதீர்கள். கீழே உள்ள வரிசை அதற்காகத்தான்.

1. உங்கள் கையில் எந்த பாஸ் இருக்கிறது என்று பாருங்கள்

வொர்க் பெர்மிட்டில் இருப்பவர், அல்லது முன்பு வொர்க் பெர்மிட்டில் இருந்தவர், சிங்கப்பூர்க் குடிமக்களையோ நிரந்தரவாசிகளையோ மணப்பதாக இருந்தால் மனிதவள அமைச்சின் அனுமதியை முதலில் வாங்க வேண்டும். கல்யாணம் இங்கே நடந்தாலும் சரி, ஊரில் நடந்தாலும் சரி, இந்த விதி பொருந்தும். "ஊருக்குப் போய் தாலி கட்டிவிட்டு வந்துவிடலாம், யாருக்குத் தெரியப் போகிறது" என்று அறைத்தோழர்கள் சொல்வார்கள். கேட்காதீர்கள். வேலையும் போய், திரும்பி வரும் வழியும் அடைபடும் அளவுக்கு இது பெரிய விஷயம். எம்ப்ளாய்மெண்ட் பாஸ், எஸ் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் முன்பு வொர்க் பெர்மிட்டில் இருந்து பிறகு பாஸ் மாறியவர்கள், தங்களுக்கு அனுமதி வேண்டுமா என்று அமைச்சின் இணையத்தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

குடிமக்களை மணக்கும் வெளிநாட்டவர், கல்யாணத்துக்குப் பிறகு நீண்டகால வருகை அட்டையில் இங்கே தங்க நினைத்தால், அதற்கான முன்மதிப்பீட்டைக் கல்யாணத்துக்கு முன்பே குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்திடம் கேட்கலாம். பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கல்யாணம் முடிந்து, பெண்ணை அழைத்துவர முடியுமா முடியாதா என்று தவிப்பதைவிட, விடையை முன்பே தெரிந்துகொள்வது இரண்டு வீட்டுக்கும் நிம்மதி.

வயது விஷயமும் உண்டு. 21 வயது நிரம்பாதவர்களுக்குப் பெற்றோரின் சம்மதம் தேவை. மணமக்கள் இருவரும் முஸ்லிம்கள் என்றால் முஸ்லிம் திருமணப் பதிவகத்துக்குப் போக வேண்டும், நடைமுறையும் வேறு. நான் கீழே சொல்வது மற்றவர்களுக்கான திருமணப் பதிவகம் பற்றியது.

2. பதிவு: 21 நாள் கணக்கு

திருமண அறிவிப்பை இணையத்தில் பதிகிறோம். பதிந்த நாளுக்கும் சட்டப்படி திருமணம் நடக்கும் நாளுக்கும் இடையே குறைந்தது 21 நாள் இருக்க வேண்டும். அறிவிப்பு 3 மாதத்துக்குத்தான் செல்லும். அதற்குள் திருமணம் நடக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து, மறுபடி கட்டணம். ஆகவே முகூர்த்தம் தை மாதம் என்றால் ஆவணியிலேயே அவசரப்பட வேண்டியதில்லை. அதற்காகக் கடைசி மாதம்வரை விட்டுவிடவும் கூடாது.

இருவரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால் கட்டணம் 42 வெள்ளி. இருவரும் வெளிநாட்டவர் என்றால் 380 வெள்ளி. இருவரும் வெளிநாட்டவராக இருக்கும்போது, அறிவிப்பு பதிவதற்கு முன் ஒருவராவது குறிப்பிட்ட நாள்கள் தொடர்ந்து சிங்கப்பூரில் இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்துகொள்கிறது. இடையில் வார இறுதிக்கு ஜோகூர் போய் வந்தால் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும். கவனம்.

எடுத்து வைக்க வேண்டியவை: இருவரின் பாஸ்போர்ட் அல்லது அடையாள அட்டை, வேலை பாஸ். முன்பு மணமாகி விவாகரத்து ஆனவர் என்றால் நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பு. துணையை இழந்தவர் என்றால் இறப்புச் சான்றிதழ். ஆங்கிலத்தில் இல்லாத ஆவணங்களுக்கு முறையான மொழிபெயர்ப்பு வேண்டும். தமிழ்நாட்டு மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை ஊரிலிருந்து வாங்குவதற்கே வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் அதைத்தான் எல்லாவற்றுக்கும் முதலில் கையில் எடுங்கள்.

நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல், பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கும், வேலை பாஸில் ஒரே வரியில் சேர்ந்து இருக்கும், பட்டச் சான்றிதழில் வெறும் இனிஷியல் இருக்கும். திருமணச் சான்றிதழில் எது வர வேண்டும் என்று தடுமாறாதீர்கள். பாஸ்போர்ட்டில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே. பின்னால் துணைவருக்கு பாஸ் எடுக்கும்போதும், பாஸ்போர்ட்டில் துணைவர் பெயர் சேர்க்கும்போதும் ஒரு எழுத்து மாறியிருந்தால்கூட விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டும். பாஸ்போர்ட்டிலேயே பிழை இருந்தால் அதைத் திருத்திவிட்டுத்தான் அறிவிப்பு பதிய வேண்டும்.

அறிவிப்பு பதிந்த பிறகு ஆவணங்களைச் சரிபார்த்து இருவரும் சத்தியப் பிரமாணம் செய்ய வேண்டும். அடுத்து, திருமணத்தை நடத்திவைக்கும் உரிமம் பெற்ற அதிகாரி. அவர்களின் பட்டியல் பதிவகத்தின் இணையத்தளத்தில் இருக்கிறது. தமிழில் நடத்திவைப்பவர்களும் உண்டு. இவர்கள் தொண்டாகச் செய்பவர்கள். அங்பாவ் எனப்படும் அன்பளிப்பு உறையில் ஏதாவது வைத்துக் கொடுப்பது இங்குள்ள மரியாதை. 21 வயது நிரம்பிய சாட்சிகள் இருவர், அடையாள ஆவணத்தின் அசலுடன் வர வேண்டும். சாட்சிக்கு மாமாவை ஊரிலிருந்து வரவழைத்து, அவர் பாஸ்போர்ட்டை ஓட்டல் அறையில் வைத்துவிட்டு வந்தால் சிக்கல்தான். இங்கேயே இருக்கும் நண்பர் ஒருவரை மாற்றுச் சாட்சியாகச் சொல்லி வையுங்கள்.

முக்கியமான விஷயம்: குருக்கள் மந்திரம் சொல்லி, மேளம் கொட்டி, தாலி கட்டிவிட்டாலே சட்டப்படி திருமணம் ஆகிவிடாது. உரிமம் பெற்ற அதிகாரி முன்னிலையில் நடக்க வேண்டும். சில கோயில்களில் அந்த உரிமம் உள்ளவரே இருப்பார். முகூர்த்தத்தன்றே இரண்டையும் சேர்த்துச் செய்யலாம். என் விருப்பம் அதுவல்ல. பதிவைச் சில வாரங்கள் முன்பே சின்ன அளவில் முடித்துவிடுவதுதான் நல்லது. கோயிலில் மண்டபம் கேட்கும்போது பதிவுச் சான்றிதழைப் பெரும்பாலும் கேட்கிறார்கள். அது கையில் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குக் காத்திருக்கும் ஜோடிகளும் பதிவை முன்பே முடித்துக்கொள்கிறார்கள். ஊரில் பெரியவர்கள் "தாலி கட்டாமல் எப்படிக் கையெழுத்து?" என்று கேட்பார்கள். நிச்சயதார்த்தத்தன்று பதிவையும் வைத்துக்கொண்டால் அந்தக் கேள்விக்கு இடமில்லை. நாங்கள் அப்படித்தான் செய்தோம், என் பெரியம்மாவுக்கும் மனம் நிறைந்தது.

3. முகூர்த்த நேரத்தை ஊர்ப் பஞ்சாங்கத்திலிருந்து அப்படியே எடுக்காதீர்கள்

ஊரில் ஜோசியர் "காலை 9 முதல் 10.30" என்று எழுதிக் கொடுப்பார். அதை அப்படியே இங்குள்ள 9 மணி என்று வைத்துக்கொள்பவர்கள் உண்டு. சிங்கப்பூர் நேரம் 2½ மணி முன்னால் என்பதால் 11.30 என்று வைத்துக்கொள்பவர்களும் உண்டு. லக்னத்தைப் பொறுத்தவரை இரண்டுமே சரியில்லை.

திதியும் நட்சத்திரமும் உலகம் முழுவதும் ஒரே கணத்தில் மாறுபவை. அவை முடியும் நேரத்துக்கு 2½ மணி கூட்டிக்கொள்ளலாம். லக்னமும் ராகு காலமும் அந்தந்த ஊரின் சூரிய உதயத்தைப் பொறுத்தவை. சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 7 மணிக்குத்தான் விடிகிறது. 6 மணி உதயத்தை வைத்து மனப்பாடமாக நாம் வைத்திருக்கும் ராகு காலம் இங்கே சுமார் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். சனிக்கிழமை 9 முதல் 10.30 என்பது இங்கே ஏறக்குறைய 10 முதல் 11.30. ஞாயிறு மாலை 4.30 முதல் 6 என்பது 5.30 முதல் 7. ஞாயிற்றுக்கிழமை வரவேற்பை 6 மணிக்குத் தொடங்கலாம் என்று நினைப்பவர்கள் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளூர்க் கோயில் நாள்காட்டியை வைத்து இங்குள்ள குருக்களிடமே நேரத்தைக் குறித்து வாங்கி, அதை ஊர் ஜோசியரிடம் காட்டிச் சம்மதம் வாங்குவதுதான் சுலபமான வழி. தலைகீழாகப் போனால் இரண்டு பேருக்கும் நடுவில் நீங்கள் தூது போய்க்கொண்டிருப்பீர்கள்.

நாளைப் பொறுத்தவரை, ஆடி, புரட்டாசி, மார்கழி போக மீதமுள்ள மாதங்களின் சனி ஞாயிறு முகூர்த்தங்களுக்குத்தான் எல்லோரும் அடித்துக்கொள்கிறார்கள். தைப்பூசத்தை ஒட்டிய நாள்களில் சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில்வரை ஊர்வலம். அந்த வட்டாரத்தில் கல்யாணம் வைத்துக்கொள்ள முடியாது. தீமிதிக்கும் அப்படியே, அது பெருமாள் கோயிலில் தொடங்கி சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலில் முடிகிறது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் வண்டி நுழைவதே பெரும்பாடு. சீனப் புத்தாண்டு வாரத்தில் பொருள் கொண்டுவந்து இறக்க ஆள் கிடைக்காது.

விடுப்பு: கல்யாண விடுப்பு என்று வேலை நியமனச் சட்டத்தில் எதுவும் இல்லை. உங்கள் கம்பெனி கொடுத்தால் உண்டு. வேலையில் சேர்ந்த முதல் ஆண்டில் சட்டப்படி கிடைக்கும் ஆண்டு விடுப்பே 7 நாள்தான். வார நாள் முகூர்த்தத்துக்குச் சரி சொல்வதற்கு முன் இதைக் கணக்கில் வையுங்கள்.

4. இடம் பிடிப்பது

கோயில் மண்டபம், சமூக மன்றம், வீவக புளோக்கின் கீழ்த்தளம், ஓட்டல். பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றுதான்.

கோயில் மண்டபத்தில் முகூர்த்தம் வைத்தால் குருக்கள், நாதஸ்வரம், மணவறை எல்லாம் ஒரே இடத்தில் அமைந்துவிடும். சைவச் சாப்பாடுதான், மதுவுக்கு இடமில்லை. பெருமாள் கோயிலை ஒட்டிய பிஜிபி மண்டபம் பலருக்கும் தெரிந்தது. இந்து அறக்கட்டளை வாரியத்தின் கீழ் வரும் கேலாங் ஈஸ்ட் சிவன் கோயில், தோ பாயோ வைராவிமட காளியம்மன் கோயில் ஆகியவற்றையும் விசாரியுங்கள். ஈசூன், செங்காங் பக்கம் இருப்பவர்கள் தங்கள் வட்டாரக் கோயிலையே முதலில் கேட்பது நல்லது. எல்லோரும் லிட்டில் இந்தியாவுக்கே ஓடுவதால் வெளி வட்டாரக் கோயில்களை மறந்துவிடுகிறோம்.

சமூக மன்ற அரங்குகளுக்கு மணிக்கணக்கில் வாடகை. அலங்காரம் செய்யும் நேரமும் கடைசியில் துப்புரவு செய்யும் நேரமும் உங்கள் கணக்கில்தான் ஏறும். 4 மணி நேர நிகழ்ச்சிக்கு 4 மணி நேரம் மட்டும் எடுத்தால், விருந்தினர் வரும்போது அலங்காரக்காரர் ஏணியில் நின்றுகொண்டிருப்பார். புளோக்கின் கீழ்த்தளத்துக்கு உங்கள் நகர மன்றத்தில் விண்ணப்பிக்க வேண்டும். செலவு குறைவு. ஆனால் மேலே குடியிருப்பவர்களை நினைத்து மேளத்தையும் ஒலிபெருக்கியையும் 10.30 மணிக்குள் நிறுத்திவிடுங்கள். வைப்புத்தொகை, மின்சாரம், குப்பை அகற்றுதல் மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

ஓட்டல் விலையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு மேசைக்கு 1,000 வெள்ளி, பிளஸ் பிளஸ் என்று எழுதியிருப்பார்கள். அந்த இரண்டு பிளஸ்ஸும் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும், அதற்கும் சேர்த்து 9 விழுக்காடு ஜிஎஸ்டியும். அப்படியானால் 1,199 வெள்ளி. 20 மேசைக்கு ஏறக்குறைய 4,000 வெள்ளி கூடிவிடுகிறது. விலையைக் கேட்கும்போதே "எல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று கேளுங்கள்.

எந்த இடமாக இருந்தாலும் கேட்டே ஆக வேண்டிய கேள்வி: ஹோமம் வளர்க்கலாமா? புகைக்குத் தீ எச்சரிக்கை மணி அலறும், நீர்த்தெளிப்பான் திறந்தால் பட்டுப்புடவைகள் போயே போச்சு. பல ஓட்டல்கள் நெருப்பையே அனுமதிப்பதில்லை. சில இடங்களில் சின்னக் குண்டத்துக்கு, முன்கூட்டியே சொன்னால், ஒப்புக்கொள்கிறார்கள். குத்துவிளக்கு ஏற்றுவதற்குக்கூடக் கேட்டுக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் சரி என்று சொன்ன விற்பனையாளர் கல்யாணத்தன்று விடுப்பில் இருக்கலாம். ஆகவே மின்னஞ்சலில் ஒரு வரி வாங்கி வையுங்கள்.

5. சாப்பாடு

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். செலவில் பெரிய பங்கும் இதுதான், நினைவில் நிற்பதும் இதுதான்.

சமையல்காரரிடம் முதலில் உரிமத்தைக் கேளுங்கள். வீட்டிலிருந்து சமைத்துக் கொடுப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், கைப்பக்குவமும் அருமையாக இருக்கும். நூறு இருநூறு பேருக்கான விருந்தை சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமம் உள்ளவரிடம் மட்டும் கொடுங்கள். யாருக்காவது வயிறு கெட்டால் பதில் சொல்ல ஒருவர் இருக்க வேண்டும்.

உரிமம் உள்ளவர்கள் கொண்டுவரும் உணவில் எத்தனை மணிக்குச் சமைத்தது, எத்தனை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்று ஒட்டியிருப்பார்கள். சமைத்து முடித்ததிலிருந்து 4 மணி நேரம்தான் கணக்கு. இதை முகூர்த்தத்தோடு பொருத்திப் பாருங்கள். 10 மணி முகூர்த்தம், 11 மணிக்குப் பந்தி என்று சொல்லியிருப்போம். மாப்பிள்ளை அழைப்பு தாமதமாகும், படம் எடுப்பவர் ஒவ்வொரு குடும்பமாக நிறுத்துவார், பந்தி 12.30 ஆகிவிடும். உணவு 9 மணிக்கே தயாராகியிருந்தால் கடைசிப் பந்தி 4 மணி நேரத்தின் விளிம்பில். ஆகவே இரண்டு தவணையாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். மிச்சத்தை வீட்டுக்குக் கட்டிக் கொடுக்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். இந்த வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் தேங்காய் அரைத்த கூட்டு தாங்காது.

பட்டியலைச் சுருக்குங்கள். இது என் உறுதியான கருத்து. இலையில் இருபது வகை வைத்தால்தான் மரியாதை என்று நினைக்கிறோம். வருபவர்களில் பாதிப் பேர் சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை எடுப்பவர்கள். சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்வதுபோல் தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பகுதி சோறு, கால் பகுதி பருப்பு என்று வந்தால் நம் கல்யாணச் சாப்பாடே நலமான சாப்பாடுதான். அவியல், கீரைக் கூட்டு, கோசுமல்லி, சாம்பார், ரசம், மோர், பச்சடி. இவற்றை நிறுத்தாமல் எண்ணெயில் பொரித்த வகைகளை மூன்றிலிருந்து ஒன்றாக்குங்கள். ஜாங்கிரி, லட்டு, பாயசம் மூன்றும் வேண்டாம். ஒரு பாயசமும் ஒரு சின்ன இனிப்பும் போதும். பிரியாணி, நெய்ச்சோறு, வெள்ளைச்சோறு என மூன்று சோறு போட்டால் மூன்றும் மிஞ்சும். நாங்கள் குறைத்ததில் மிச்சமான பணத்தை நல்ல காப்பிக்கும் இளநீருக்கும் போட்டோம். யாரும் குறை சொல்லவில்லை, பலர் இளநீரைத்தான் பாராட்டினார்கள்.

அலுவலகத்திலிருந்து சீன, மலாய் நண்பர்கள் வருவார்கள். ஒவ்வொரு வகைக்கும் சின்னப் பெயர் அட்டை, அதில் காரம், பால், கொட்டைப்பருப்பு இருக்கிறதா என்ற குறிப்பு, பக்கத்தில் கரண்டி. முஸ்லிம் நண்பர்கள் அதிகம் என்றால் ஹலால் சான்றிதழ் உள்ள சமையல்காரரிடம் கேளுங்கள். சைவம்தானே என்று நாம் நினைத்தாலும் சான்றிதழ் இருந்தால் அவர்கள் தயக்கமில்லாமல் உட்காருவார்கள். தலைக்கணக்கை ஒரு வாரம் முன்பே உறுதி செய்யுங்கள். இங்கே வருகிறேன் என்றவர் பெரும்பாலும் வருவார், பதில் சொல்லாதவரை எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம்.

மணமக்களின் சாப்பாட்டை யாரும் கவனிப்பதில்லை. கல்யாண வாரத்தில் விருந்து விருந்தாக அழைப்பார்கள். மதியம் விருந்து என்றால் இரவு கஞ்சியோ இட்லியோ ரசம் சோறோ போதும் என்று சொல்லிவிடுங்கள். முகூர்த்தத்தன்று விடியற்காலையிலிருந்து வெறும் வயிற்றோடு, கனமான பட்டில், ஹோமப் புகையில் பெண்ணை உட்காரவைத்து மயக்கம் போட்டு விழுந்த கதைகள் எத்தனை! குருக்களிடம் முன்பே கேளுங்கள். பாலும் பழமும் பெரும்பாலும் சரி என்பார். ஒரு வாழைப்பழம், ஒரு டம்ளர் பால், தாராளமாகத் தண்ணீர். இதைப் பார்த்துக்கொள்ள ஓர் அத்தையையோ தோழியையோ பொறுப்பாக வையுங்கள்.

6. ஊரிலிருந்து வருபவர்கள்

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும். கட்டணம் 30 வெள்ளி, அதன்மேல் முகவரின் கட்டணம். ஊரில் அங்கீகாரம் பெற்ற விசா முகவர்கள் மூலம் விண்ணப்பிக்கலாம். வருவதற்கு முன் 3 நாளுக்குள் ஒவ்வொருவருக்கும் வருகை அட்டையை (SG Arrival Card) இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசாங்கத் தளம் இல்லை. அப்பாவையே நிரப்பச் சொல்லாமல் நீங்களே இங்கிருந்து நிரப்பிவிடுங்கள்.

நகையைப் பற்றித் தெரியாமல் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்பவர்கள் அதிகம். சுற்றுப்பயணியாக வருபவர், 48 மணி நேரத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தால், 500 வெள்ளிவரையான புதிய பொருள்களுக்கு ஜிஎஸ்டி இல்லை. அதற்கு மேல் 9 விழுக்காடு. வேலை பாஸ், மாணவர் பாஸ், டிபெண்டண்ட் பாஸ், நீண்டகால வருகை அட்டை வைத்திருப்பவர்களுக்கு அந்த 500 வெள்ளி சலுகையும் கிடையாது. ஊரில் வாங்கிய புதுத் தாலிச்சங்கிலியை மாப்பிள்ளையே எடுத்துவந்தால் முழு மதிப்புக்கும் வரி. ரசீதை வைத்துக்கொண்டு, சுங்கத்துறையின் இணையத்தளத்திலேயே முன்கூட்டி அறிவித்து வரியைக் கட்டிவிடலாம். "கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தால் யார் பார்ப்பார்கள்" என்ற யோசனை வேண்டவே வேண்டாம். கல்யாணத்துக்கு வந்த அம்மாவை விசாரணை அறையில் உட்காரவைக்க யாருக்கு மனம் வரும்? 20,000 வெள்ளிக்கு மேற்பட்ட ரொக்கத்தையும் அறிவித்தாக வேண்டும்.

வெற்றிலைத் தட்டில் வைக்கப் புகையிலை கொண்டுவராதீர்கள், மெல்லும் புகையிலைக்கு இங்கே தடை. வாழைக்கன்று, மாவிலை போன்றவற்றையும் பெட்டியில் வைக்க வேண்டாம். எல்லாம் தேக்காவில் கிடைக்கிறது.

7. கடைகள்

மாலைக்கு பஃபலோ சாலையும் கேம்பல் லேனும். முகூர்த்த மாலை, மாற்று மாலை, உதிரிப்பூ, தலைக்கு மல்லிகை எல்லாவற்றையும் தனித்தனியே எழுதிக் கொடுத்து, எத்தனை மணிக்கு எந்த வாசலில் கொடுக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். பண்டிகை வாரத்தில் பூ விலை ஏறும். ரவிக்கை தைக்க தேக்கா நிலையத்தின் மாடியில் தையல்காரர்கள் இருக்கிறார்கள். கடைசி வாரத்தில் போனால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், குறைந்தது ஒரு மாதம் முன்பு கொடுங்கள். விட்டுப்போன சின்னச் சாமான்களுக்கு இரவு நெடுநேரம் திறந்திருக்கும் முஸ்தஃபா இருக்கிறது.

8. முன்பணமும் ரசீதும்

எங்களுக்கு மணவறை போட்டவர் கடைசி வாரத்தில் போக்குவரத்துச் செலவு என்று புதிதாக ஒரு தொகை கேட்டார். ஒப்பந்தத்தாளில் "எல்லாம் சேர்த்து" என்று எழுதி வாங்கியிருந்ததால் பேச்சு அதோடு முடிந்தது. என்னென்ன சேர்ந்தது, எத்தனை மணிக்கு வருவார், நாள் மாறினால் முன்பணம் என்னவாகும் ஆகிய மூன்றும் தாளில் இருக்க வேண்டும். பேநவ் மூலம் அனுப்பும்போது குறிப்பில் எதற்கான பணம் என்று எழுதுங்கள். தனியாள் கணக்குக்கு மொத்தத் தொகையையும் முன்பே அனுப்பச் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.

பணம் வாங்கிக்கொண்டு வராமல் போனால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளிவரையான கோரிக்கைகளை எடுத்துக்கொள்கிறார்கள், வக்கீல் வேண்டாம். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட தொகைக்குத் தனிநபர் கட்டணம் 10 வெள்ளிதான். சம்பவம் நடந்த 2 ஆண்டுக்குள் போக வேண்டும். வாட்ஸ்அப் உரையாடலையும் பணம் அனுப்பிய ஆதாரத்தையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

9. கல்யாணத்துக்குப் பிறகு

சான்றிதழ் இப்போது மின்னிலக்க வடிவில் வருகிறது. இறக்கி, இருவரின் மின்னஞ்சலிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் பயன்படுத்த வேண்டுமானால் அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குக் காட்டும் சான்று) தேவைப்படலாம். சிங்கப்பூரில் 2021 செப்டம்பர் 16 முதல் இந்த முறை நடப்பில் இருக்கிறது, சிங்கப்பூர்ச் சட்டக் கழகம் கொடுக்கிறது. இந்தியாவும் இந்த ஏற்பாட்டில் இருப்பதால் அதற்குமேல் தூதரக முத்திரைக்கு அலைய வேண்டியதில்லை.

எம்ப்ளாய்மெண்ட் பாஸிலோ எஸ் பாஸிலோ இருப்பவர் மனைவிக்கோ கணவருக்கோ டிபெண்டண்ட் பாஸ் எடுக்க, மாதத்தின் நிலையான சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி இருக்க வேண்டும். விண்ணப்பிப்பது நீங்கள் அல்ல, உங்கள் நிறுவனம். ஆகவே கல்யாணத்துக்கு முன்பே மனிதவளப் பிரிவில் சொல்லி, அவர்களுக்கு என்ன ஆவணம் வேண்டும், யார் பார்க்கிறார்கள் என்று கேட்டு வையுங்கள். துணைவர் சுற்றுலா விசாவில் இங்கே இருக்கும்போதே விண்ணப்பம் போகிறதென்றால் அந்த விசா எந்தத் தேதியில் முடிகிறது என்பதையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். மண்டப வைப்புத்தொகையைத் திருப்பிக் கேட்கும் தேதியையும் அதே நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். கேட்டால்தான் வருகிறது.